அவள் பெயரைக் கூப்பிடாதே

முவாரா சிபெரூட்
3 நவம்பர் 1994

தெர்சிலா அப்பாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து, ஊரே தூங்கிய பிறகு எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் தெர்சிலாவை மடியிலிருந்து இறக்க முடியவில்லை. படுக்க வைத்தால் வாந்தி. இப்போதுதான் சின்னம்மா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள். அவள் களைப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். விடிந்ததும் ஸ்டெஃபனுஸின் படகு ஆற்றில் மேலே வருகிறது.

டாக்டர் பார்த்துவிட்டார். பால் சேராததால் வந்த வாந்தி இல்லை இது. தலைக்குள் நீர் சேர்கிறதாம். எல்லோர் தலைக்குள்ளும் அது ஊறும், வடியும். இவளுக்கு வடிகிற வழி அடைத்துக்கொண்டது. "அப்பனுக்கு ஏற்ற பெரிய தலை" என்று நாம் எல்லோரும் சிரித்தோமே, அது அந்த நீர்தான். நெற்றியில் நரம்பு பச்சையாகத் தெரிகிறது. கண்மணிகள் கீழே அமிழ்ந்துபோய், மேலே வெள்ளைதான் தெரிகிறது. நீ பார்த்தபோது இப்படி இல்லை.

கடல் தாண்டிப் பாடாங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தலையில் சின்னதாகத் துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து, நீரை வயிற்றுப் பக்கம் இறக்கிவிடுவார்களாம். நான் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னவர் கடைசியில், "தாமதம் பண்ணாதீங்கம்மா. மொதல்ல கண்ணு போகும்" என்று நிறுத்திக்கொண்டார். அதற்கு அடுத்தது என்ன போகும் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் இருக்கிறது. எனக்குத் தனியாகப் போகத் தெரியும். அந்த ஊரில்தானே படித்தேன். ஆனால் இவள் தலையைத் திறக்கும்போது கதவுக்கு வெளியே தனியாக நிற்க என்னால் முடியாது.

புது வீட்டுக்குப் புனேன் சடங்கு நடக்கிறது, வாசலில் ஓலை கட்டியாகிவிட்டது, வேட்டைக்குத் தவிர உள்ளே இருப்பவர்கள் வெளியே வரக்கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும். நானே அந்த ஓலையைத் தாண்டித்தானே இவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்காக மாமா என்னை என்ன வேண்டுமானாலும் திட்டட்டும். நீ வந்துவிடு.

மார்தினா

*

பெருவீடு, ஆற்றின் மேல்
5 நவம்பர்

தெர்சிலா அம்மாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பென்சிலைப் பிடித்ததே உன்னால்தான். உன் கடிதத்தை ஸ்டெஃபனுஸ் மூங்கில் குழாயில் போட்டுத் துறையில் தொங்கவிட்டுப் போயிருந்தார். புனேனில் இருக்கிற வீட்டுக்குள் அவர் வரக்கூடாதே. வேட்டைக்குப் போன தம்பி தொய்கொட் திரும்பும்போது எடுத்து வந்தான்.

மூன்று தடவை வாசித்தேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தலையில் துளை என்ற இடத்தில் அவர் சுருட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இங்கே இன்னும் குரங்கு விழவில்லை. நாய்களோடு போகிறார்கள், நனைந்துகொண்டு வருகிறார்கள். முதல் குரங்கை வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் காடு இந்த வீட்டை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் உயிர் கூப்பிடும் விருந்து, பிறகுதான் ஓலையை அவிழ்க்கலாம். கைக்குழந்தை உள்ளவன் அம்பு எடுக்கக்கூடாது என்று என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பன்றிகளுக்குச் சாகோ மரத்துச் சோற்றைப் போடுகிறேன். வேறு ஒன்றும் செய்ய விடுவதில்லை.

தொய்கொட் நேற்று எல்லார் முன்னாலும் சொன்னான்: "கொரங்கெல்லாம் அண்ணிகிட்ட பாடம் படிக்கப் போயிருச்சு போல. மரத்துல ஒண்ணுகூட இல்ல." பொம்பளைகள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "வீட்டுக்குள்ள யாரோ மனசு கசந்து கெடக்காங்க. அதான் வர மாட்டேங்குது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் என்னைத்தான் சொன்னார். நம்மைத்தான்.

நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக் கப்பலில் ஏறாதே. நீ கோபத்தோடு தூக்கிக்கொண்டு போனபோது தெர்சிலா உடம்பு மட்டும்தான் உன்னோடு வந்தது என்று அப்பா சொல்கிறார். உயிர் இங்கேயே, நடுத்தூண் பக்கத்தில், நீ ஊஞ்சல் கட்டிய இடத்தில் இருக்கிறதாம். அது இல்லாமல் தலையைத் திறந்தால் திரும்ப உள்ளே வர யார் இருக்கிறார்கள்? குரங்கு விழட்டும். உயிரைக் கூப்பிட்டு, நானே கொண்டுவந்து அவளிடம் சேர்க்கிறேன். பிறகு மூன்று பேரும் போவோம்.

கோபம் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு. அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

தெர்சிலா அப்பா

*

முவாரா சிபெரூட்
7 நவம்பர்

கெஜெங்,

எனக்குக் கோபம் இல்லை.

இந்த வரியை வாசித்துக் காட்டு. இதற்குக் கீழே இருப்பது உனக்கு மட்டும்.

நேற்றுக் கப்பல் போய்விட்டது. நான் ஏறவில்லை. மூட்டை கட்டி, இவளுக்குத் தொப்பி போட்டு, துறைமுகம் வரை போனேன். படி ஏறக் கால் தூக்கியபோது உன் நடுத்தூண் கண் முன்னால் வந்து நின்றது. திரும்பி வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் மூளையின் படம் வரைந்து, இது பெருமூளை, இது சிறுமூளை என்று பிள்ளைகளை ஒரே குரலில் சொல்ல வைத்தவள் நான். என் பிள்ளையின் உயிர் ஒரு தூணைச் சுற்றி விளையாடுகிறது என்று நீ எழுதினாய், நம்பிவிட்டேன். நம்பவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு நம்பிவிட்டேன். ராத்திரி சின்னம்மா, "ஏண்டி, நீ படிச்சவதானே?" என்று கேட்டாள்.

இன்று இவள் பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு அழுதாள். அழுகை பழைய அழுகை இல்லை. மெல்லிசாக, உயரமாக, பறவைக் குஞ்சு மாதிரி. அதைக் கேட்டுவிட்டு டாக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இப்போது கோபத்தைச் சொல்கிறேன். ஓலையைத் தாண்டியதற்காக உன் வீட்டார் என்னைத் திட்டியது கோபமில்லை. மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்ததும் இல்லை. நான் பிள்ளையோடு படியிறங்கினேனே, அப்போது நீ பன்றித் தொட்டி பக்கத்தில் நின்றாய். கையில் சாகோ. என்னைப் பார்த்தாய். போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. துறையில் வழுக்கி ஒரு முழங்கால் தரையில் ஊன்றியது, பிள்ளையை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். நீ தொட்டிக்குள் சாகோவைப் போட்டுக்கொண்டிருந்தாய்.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எந்த வார்த்தையானாலும், இன்று குரங்கு விழுந்திருக்குமோ என்னவோ.

அடுத்த ஞாயிறு ஏறிவிடுவேன், உனக்காகக் காத்திருக்க மாட்டேன்.

மார்தினா

*

பெருவீடு
11 நவம்பர்

தெர்சிலா அம்மாவுக்கு,

முதல் வரியை வாசித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளே வேட்டைக்குப் போனார்கள். ஒன்றுமில்லை. அடுத்த நாளும் ஒன்றுமில்லை. கோழி அறுத்துக் குடலைப் பார்த்த அப்பா அதைக் கீழே வைத்துவிட்டு, "மேல ஒண்ணு சொல்றா, அடியில வேற கெடக்கு" என்றார். மீதிக் கடிதம் அப்போது என் இடுப்புத் துணிக்குள் இருந்தது.

நீ எழுதியது உண்மை. நான் பேசவில்லை. பேசினால் உன்னோடு வந்துவிடுவேன் என்று பயந்தேன். அன்றைக்கு வாய் திறந்திருந்தால் கால் நின்றிருக்காது.

நேற்று ஓலை வரைக்கும் போனேன். ஒரு காலைத் தூக்கினேன். அப்பா வாசலில் உட்கார்ந்து அம்பு சீவிக்கொண்டிருந்தார். என்னைத் தடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, உள்ளே படுத்திருந்த தொய்கொட்டின் பெண்டாட்டியைப் பார்த்தார். அவளுக்கு இது நிறைமாதம் என்று உனக்குத் தெரியும். போன தடவை என்ன ஆனது என்றும் தெரியும். புனேன் நடுவில் நான் ஓலையைத் தாண்டி, அதற்கு அப்புறம் அவளுக்கு ஏதாவது ஆனால், தொய்கொட் என் முகத்தில் எப்படி விழிப்பான்? நான் அவன் முகத்தில் எப்படி? காலை இறக்கிவிட்டேன். நீ பெண், நீ வேறு ஆற்றுக்காரி, உன்னை மன்னிக்க வழி இருக்கிறது. நான் இந்த வீட்டுக்குள் பிறந்தவன்.

இன்னும் ஒரே ஒரு கப்பலை விடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அவள் அழுகை எப்படி இருக்கிறது?

கெஜெங்

*

பாடாங்
16 நவம்பர்

தெர்சிலா அப்பாவுக்கு,

ஏறிவிட்டேன். இவள் ஒரு பகல் முழுக்கக் கண்ணைத் திறக்கவில்லை. உன் கடிதம் என் மடியில் இருந்தது. பிள்ளையும் மடியில் இருந்தாள். எதையாவது ஒன்றைத்தான் பார்க்க முடிந்தது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்கமாட்டாய் என்று தெரியும். ஏறுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டேன். துறைமுகத்தில், சிமெண்ட் மூட்டை சுமக்கிற ஆட்கள் நடுவில். சின்னம்மா தட்டு ஏந்தினாள். என்னிடம் கோழிக்குஞ்சும் இல்லை, மணியும் இல்லை, செம்பருத்தி இலை மட்டும்தான். ஆற்றின் மேல்பக்கம் திரும்பி நின்று, "தெர்சிலா, அம்மா இங்க இருக்கேன், அந்தத் தூண விட்டுட்டு வா, கப்பல் போகப் போகுது" என்று கூப்பிட்டேன். பெண்கள் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. முறையான வார்த்தையும் எனக்குத் தெரியாது. டிக்கெட் கிழிக்கிறவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வழிவிட்டார். ஆனால் கப்பல் கிளம்பியதும் இவள் கண்ணைத் திறந்தாள். என் சட்டைப் பித்தானைப் பிடித்தாள். வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. நீ கேட்க மாட்டாய்.

இங்கே நர்சு நல்லவள். "தீவுக்காரங்களா? ஒடம்புல பச்சை எங்கே?" என்று என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "படிக்கப் போனதுல குத்த நேரமில்ல" என்றேன். சின்னம்மா தன் கெண்டைக்காலைக் காட்டினாள். வார்டே வந்து பார்த்தது.

இவளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. அது இறங்கியதும் செவ்வாய்க்கிழமை, இருபத்திரண்டாம் தேதி, தலையைத் திறக்கிறார்கள்.

இப்போது நான் கேட்கப்போவதைக் கவனமாக வாசி. இதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒருவேளை குரங்கு விழும். விழுந்தால் அன்றைக்கே விருந்து வைப்பீர்கள். மாமா நடுத்தூணருகில் உட்கார்ந்து வீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிடுவார். பன்றி இருக்கிறது, கோழி இருக்கிறது, புது வீடு, வழவழப்பான தரை, வா வா என்பார். அவர் குரலுக்கு வராத உயிர் இருக்கிறதா? மூன்று ஆறு தாண்டி இருப்பவர்களும் சிலிர்த்துப்போய்த் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இவள் இப்போது இங்கே என் கையில் இருக்கிறாள். துறைமுகத்தில் ஒரு கிறுக்குப் பெண் தப்புத் தப்பாகக் கூப்பிட்டு வந்தவள். தாத்தா கூப்பிட்டால் எழுந்து போய்விடுவாள். தலை திறந்திருக்கிற நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்?

அவள் பெயரைக் கூப்பிடாதே. கூப்பிட விடாதே. உயிரோடு இருக்கிற ஆளின் பெயரை விட்டுவிடுவது எப்படிப்பட்ட காரியம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். வீட்டை விட்டுத் தள்ளியது மாதிரி ஆகும். ஆகட்டும். தள்ளிவைக்கப்பட்ட பிள்ளையாக இருந்தால் போதும். பிள்ளை இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் இது வருகிறது. ஸ்டெஃபனுஸிடம் உடனே கொண்டுபோகச் சொல்லி இன்னொரு சீட்டு எழுதியிருக்கிறேன்.

மார்தினா

*

ஆற்றங்கரை
22 நவம்பர்

தெர்சிலா அம்மாவுக்கு,

இன்று செவ்வாய். நீ சொன்ன நாள். இப்போது எந்த நேரத்தில் திறக்கிறார்கள் என்று தெரியவில்லை. நேற்று நடந்ததை எழுதுகிறேன். எழுதாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

குரங்கும் உன் கடிதமும் ஒன்றாக வந்தன. தொய்கொட் முதுகில் குரங்கு, கையில் மூங்கில் குழாய். எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டு குரங்கைச் சுற்றி நின்றார்கள். நான் குழாயை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

வாசித்துவிட்டு அப்பாவிடம் போய், தெர்சிலா பெயரை விட்டுவிடச் சொன்னேன். அவர் குரங்கின் தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். "செத்தவங்க பேரத்தான் விடுவோம். விடச் சொல்றியா?" என்றார். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. வாய் வரவில்லை. மறுபடியும் அதே வாய்தான், பார்.

சாயங்காலம் தொடங்கினார். வயதில் பெரியவர்களிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பெயருக்கும் இலைக்கட்டால் தலையைத் தொட்டார். என் பெயர் வந்தது. உன் பெயரையும் கூப்பிட்டார், மார்தினா, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஓலையைத் தாண்டியவள் என்று விட்டுவிடவில்லை. அடுத்து அவள்தான். அப்பா மூச்சு இழுத்தார்.

நான் எழுந்து அவர் கையிலிருந்த இலைக்கட்டைப் பிடுங்கினேன். அப்பாவிடமிருந்து ஒன்றைப் பிடுங்குவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஓடினேன். ஓலை காலில் மாட்டி அறுந்தது. துறையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், கடல் பக்கம் திரும்பி நின்றேன். பெயரைச் சொல்லாமல் அவளிடம் எப்படிப் பேசுவது? சொல்லிவிட்டேன், அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் சொன்னது இதுதான்:

"தெர்சிலா, வராத. இங்க ஒண்ணுமே இல்ல. பன்னி இல்ல, கோழி இல்ல. வீடு நல்லால்ல, ஒழுகுது. தரையெல்லாம் சிலாம்பு, கால்ல குத்தும். அம்மா மடியிலயே இரு. நான் வர்ற வரைக்கும் அங்கயே இரு."

கத்தினேன். வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. புது வீட்டை, அதன் விருந்து நாளிலேயே, அந்த வீட்டுக்காரனே திட்டினான். இதுவரை யாரும் செய்ததில்லை. பொம்பளைகள் அழத் தொடங்கினார்கள். அப்பா தூணோடு சாய்ந்துவிட்டார்.

தொய்கொட் கரைக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். "ஒழுகுதா? கூரை வேஞ்சவன் நான்" என்றான். அப்புறம் அவனும் தண்ணீரில் இறங்கி என் பக்கத்தில் நின்று, கடலைப் பார்த்து, "ஆமா பாப்பா, ஒழுகுது. சித்தப்பா சரியா வேயல. வராத" என்றான். அவன் பெண்டாட்டி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

புனேன் முறிந்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டும், வேறு குரங்கு வேண்டும். நான் உள்ளே படுக்கக்கூடாது என்றார்கள். ஆற்றங்கரையில் படகுக் கொட்டகையில் இருக்கிறேன். ஆனால் கறி பங்கு போட்டபோது அப்பா தெர்சிலாவுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறார். தொய்கொட் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். புகையில் காயவைத்திருக்கிறேன்.

ஸ்டெஃபனுஸ் நாளை கீழே போகிறார், நானும் போகிறேன். ஞாயிற்றுக் கப்பல். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமா, நானே கையில் கொண்டுவருவேனா தெரியவில்லை. வேறு ஆள் யாராவது முன்னால் கடல் தாண்டினால் கொடுத்துவிடுவேன்.

அவள் இருக்கிறாளா?

கெஜெங்

*

பாடாங்
23 நவம்பர்

தெர்சிலா அப்பாவுக்கு,

மறுபடியும் ராத்திரிதான். வராந்தாவில், விளக்குக்கு அடியில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என் கடிதம் வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

நேற்றுக் காலையில் கொண்டுபோனார்கள், மதியத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். முடியை ஒரு பக்கம் மழித்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் தையல், வயிற்றில் ஒரு தையல். நடுவில் தோலுக்கு அடியில் குழாய் ஓடுவது விரலால் தடவினால் தெரிகிறது. நீர் இறங்குகிறது என்கிறார்கள். உச்சிக்குழி தளர்ந்திருக்கிறது, நானே தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் நடந்ததாம்.

ஆனால் விழிக்கவில்லை. நேற்று ராத்திரியே விழித்திருக்க வேண்டும். இன்று காலை என்றார்கள், பிறகு மாலை என்றார்கள், இப்போது பார்ப்போம் என்கிறார்கள். மூச்சு வருகிறது. கையைப் பிடித்தால் சூடாக இருக்கிறது. ஆனால் பிடித்த கை திரும்பப் பிடிக்கவில்லை. டாக்டர் மருந்து மயக்கம் என்கிறார். சின்ன உடம்பு, இறங்க நேரமாகும் என்கிறார். நான் தலையாட்டுகிறேன். அவர் போனதும் அவள் காதில், அங்கே போகாதே, போயிருந்தால் திரும்பி வா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எங்கே பார்த்துக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே எந்தப் பக்கம் கடல் என்று நர்சிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஆனால் எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்? உன் வீட்டில் பன்றி இருக்கிறது, கோழி இருக்கிறது, சித்தப்பா வேய்ந்த கூரை இருக்கிறது. எனக்கு இருப்பது ஒரு இரும்புக் கட்டில். அவள் எதற்கு வர வேண்டும்?

குரங்கு விழுந்ததா? விருந்து நடந்ததா? நேற்றாக மட்டும் இருக்கக்கூடாது. மாமா கூப்பிட்டிருந்தால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பேத்தியை ஆசையாகத்தான் கூப்பிட்டிருப்பார். நீ தடுக்க முடியாமல் போயிருந்தாலும் பரவாயில்லை. உன்னைத் திட்டமாட்டேன். அவள் அங்கே இருக்கிறாளா என்று மட்டும் தெரிந்தால் போதும். இருந்தால், நீயே தூக்கிக்கொண்டு வந்துவிடு. இல்லையென்றால் நான் இங்கேயே தேடுகிறேன்.

பெயரைக் கூப்பிட்டீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுது. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

மார்தினா